பின்சீட்டில் இருக்கும் பிள்ளைக்காக: போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கும், போக்குவரத்துக் காவல் அதிகாரிகளுக்கும், பள்ளிக் கல்வித் துறை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

பைக்கிலும் ஸ்கூட்டரிலும் போகும் குழந்தைகளைக் காக்க நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவை 2019-ல் திருத்தியபோதே, நான்கு வயதைத் தாண்டிய எவரும் இருசக்கர வாகனத்தில் ஹெல்மெட் இல்லாமல் போகக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர் என்ற வித்தியாசம் அதில் கிடையாது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஒன்றிய அரசு 2022 பிப்ரவரி 15 அன்று தனி விதி வெளியிட்டது. ஓர் ஆண்டு அவகாசம் கொடுத்து 2023 பிப்ரவரியில் அது அமலுக்கும் வந்தது. குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துப் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டை, ஒன்பது மாதத்துக்கு மேல் என்றால் அதன் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட், குழந்தை இருக்கும்போது மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம். இவ்வளவுதான் விதி. பெற்றவர்களுக்குப் பெரிய சுமை ஒன்றும் இல்லை.

ஆனால் காலை எட்டரை மணிக்கு எங்கள் ஊரில் எந்தப் பள்ளி வாசலில் நின்று பார்த்தாலும், இந்த விதிகள் ஏட்டோடு நின்றுவிட்டன என்பது தெரியும். நான் திருச்சியில் இருக்கிறேன். பெரியவன் டவுன் பஸ்ஸில் பள்ளிக்குப் போகிறான். சின்னவள் ஒன்றாம் வகுப்பு, அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவது நான். அபராதத்தைக் குறையுங்கள், பெற்றோரைத் தொல்லை செய்யாதீர்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. குழந்தைகள் விஷயத்தில் சட்டத்தை நிஜமாகவே செயல்படுத்துங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். அதைச் செய்ய வேண்டிய இடத்தில் செய்யுங்கள், எங்களால் கடைப்பிடிக்க முடிகிற மாதிரி செய்யுங்கள் என்பதும் அந்தக் கோரிக்கையின் பாதி.

பள்ளி வாசலில் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். அப்பா ஹெல்மெட் போட்டிருப்பார், அதன் தாடைப் பட்டையும் மாட்டியிருப்பார். பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் யுகேஜி பிள்ளையின் தலையில் எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய வகிடு மட்டும் இருக்கும். ஸ்கூட்டரில் காலை வைக்கிற இடத்தில் ஒரு பையன் நின்றுகொண்டு, இரண்டு கண்ணாடிக் கம்பிகளையும் இரண்டு கையால் பிடித்திருப்பான். அவன் முகவாய் சரியாக ஹேண்டில்பார் உயரத்தில் இருக்கும். அம்மா சட்டென்று பிரேக் பிடித்தால் அந்த முகம் எதில் போய் மோதும் என்று அவனுக்குப் பின்னால் இருப்பவர் யோசித்திருக்க மாட்டார். மதியம் எல்கேஜி விடுகிற நேரம் இன்னும் மோசம். பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வருவார்கள். பின்சீட்டில் உட்கார்ந்தபடி தூங்கும் குழந்தையைத் துப்பட்டாவால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓட்டும் தாய்மார்களைப் பார்க்கிறேன். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளை விழுந்துவிடக் கூடாது என்று தவிப்பவள்தான் துப்பட்டாவை எடுத்துக் கட்டுகிறாள். அதற்கென்றே செய்த பட்டை ஒன்று இருக்கிறது, அது சட்டத்திலும் இருக்கிறது என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

இந்தப் பேச்சை எடுத்தாலே வரும் முதல் பதில், "என் பிள்ளைமேல எனக்கு இல்லாத அக்கறை கவர்மென்டுக்கு இருக்கா?" என்பது. இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பிள்ளையை எந்த மொழிப் பள்ளியில் சேர்ப்பது, எப்போது மொட்டை போடுவது, இரவு எத்தனை மணிக்குத் தூங்க வைப்பது, பரீட்சைக்கு எவ்வளவு நேரம் உட்கார வைப்பது, இதிலெல்லாம் அரசாங்கம் மூக்கை நுழைத்தால் முதலில் சண்டைக்கு வருபவள் நானாகத்தான் இருப்பேன். ஒரு பிள்ளையின் சுபாவம் பெற்றவளுக்குத் தெரிகிற அளவு எந்த அதிகாரிக்கும் தெரியாது. அந்த இடங்களில் தவறு நடந்தாலும் திருத்திக்கொள்ளக் காலம் இருக்கிறது.

தலையில் அடிபட்டால் அப்படியொரு காலம் கிடைக்காது. அந்த அபாயத்தை எடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் வயதும் பிள்ளைக்கு இல்லை. பின்சீட்டில் உட்காரவைத்தால் உட்காரும், முன்னால் நிற்கவைத்தால் நிற்கும். ஒரு பெரியவர் தன் தலையைத் தானே பணயம் வைக்கிறார் என்றால் அவருடைய சுதந்திரம் என்று வாதாடவாவது முடியும். அந்த வாதத்தையே உச்ச நீதிமன்றம் 1988-ல் அஜய் கானு வழக்கில் ஏற்கவில்லை. ஆந்திரத்தில் வந்த ஹெல்மெட் விதி நடமாடும் உரிமையைப் பறிக்கிறது என்று தொடுத்த வழக்கு அது. விதி செல்லும் என்றுதான் தீர்ப்பு வந்தது. வளர்ந்த மனிதருக்கே அப்படி என்றால், தனக்காகப் பேச முடியாத ஐந்து வயதுப் பிள்ளையின் தலையைப் பெற்றோரின் சுதந்திரக் கணக்கில் எப்படி எழுத முடியும்? பிள்ளைமேல் நமக்கு இருக்கும் உரிமை பிள்ளைக்காகவே வந்தது. போலியோ சொட்டு மருந்தையும், பதினெட்டு வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் கூடாது என்பதையும் நாம் ஒத்துக்கொண்டது இந்த அடிப்படையில்தான்.

"நான் மெதுவாத்தான் போவேன்", "ஸ்கூல் பக்கத்துலதான் இருக்கு" என்ற சமாதானங்களும் உண்டு. நாம் மெதுவாகப் போகலாம், எதிரே வருகிற தண்ணி லாரி மெதுவாக வரும் என்பதற்கு யார் பொறுப்பு? இவற்றுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

கழுத்து வலிக்கும் என்ற பயம்தான் நின்று பேச வேண்டியது. ஹெல்மெட் கனத்தில் பிள்ளையின் கழுத்து எலும்புக்கு ஏதாவது ஆகிவிடும் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இது நம் ஊரில் மட்டும் உள்ள பயம் இல்லை. வியட்நாமில் 2007 டிசம்பர் 15 அன்று ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபோது, பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் உடனே போட ஆரம்பித்தார்கள். குழந்தைகள் மட்டும் வெறுந்தலையோடு போனார்கள். இதே கழுத்துப் பயம் ஒரு காரணம். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அபராதம் கிடையாது என்று விட்டது இன்னொரு காரணம். அப்புறம் 2010-ல், ஆறு வயதைத் தாண்டிய பிள்ளையை ஹெல்மெட் இல்லாமல் கூட்டிப்போகும் பெரியவருக்கு அபராதம் என்று மாற்றினார்கள். நம் விதியை எழுதியவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். ஒன்பது மாதத்துக்குக் குறைந்த, கழுத்து சரியாக நிற்காத குழந்தைக்கு அவர்கள் ஹெல்மெட் கேட்கவில்லை. அந்த வயதுக் குழந்தையை வண்டியில் ஏற்றாமலே இருப்பதுதான் நல்லது. அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு, அதன் தலைக்கென்று செய்த எடை குறைந்த ஹெல்மெட்டால் கெடுதல் வராது. சரியாகப் போட்ட ஹெல்மெட் மோட்டார் சைக்கிள் விபத்தில் உயிர் போகும் அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

சரியாகப் போட்ட என்பதுதான் முக்கியம். இந்த இடத்தில்தான் உங்கள் துறை பெற்றோர்களைக் கைவிடுகிறது. என் மகளுக்கு ஹெல்மெட் வாங்கப் போனபோது, வீட்டிலேயே தையல் டேப்பை நெற்றியைச் சுற்றிப் பிடித்து 51 சென்டிமீட்டர் என்று குறித்துக்கொண்டு போனேன். முதல் கடையில் அளவைக் காட்டியதும், "இருக்கறதுலயே ஸ்மால் இதுதாம்மா, வளர வளர சரியாயிடும்" என்று பெரியவர்களின் ஹெல்மெட்டைத்தான் நீட்டினார்கள். போட்டுப் பார்த்தால் வைசர் முகவாய்க்குக் கீழே இறங்கி நின்றது. தலையைத் திருப்பினாள், ஹெல்மெட் திரும்பவில்லை. இன்னொரு கடையில் கார்ட்டூன் படம் போட்ட பிளாஸ்டிக் தொப்பி இருந்தது. ஐஎஸ்ஐ முத்திரை எங்கே என்று கேட்டால், குழந்தைங்க ஹெல்மெட்டுக்கு அதெல்லாம் வராது என்றார்கள். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்ற உத்தரவு 2021 ஜூனிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கடைசியில் பொருத்தமானது ஒன்று கிடைத்தது, ஆயிரம் ரூபாயை ஒட்டி ஆயிற்று. பாதுகாப்புப் பட்டையைப் பற்றிக் கேட்டபோது ஒரு கடைக்காரருக்கும் நான் எதைச் சொல்கிறேன் என்றே புரியவில்லை. இத்தனைக்கும் முப்பது கிலோ எடை தாங்க வேண்டும், தண்ணீரில் ஊறாத நைலானில் இருக்க வேண்டும், பிள்ளை மாட்டும் உடுப்பிலிருந்து வரும் வளையங்கள் ஓட்டுபவரின் தோளில் மாட்டும்படி அமைய வேண்டும் என்று விதி அத்தனை விவரமாகச் சொல்கிறது.

திருச்சி மாதிரி ஊரில் கையில் காசோடு தேடிப் போனவளுக்கே இந்த அலைச்சல் என்றால், மணப்பாறையிலும் முசிறியிலும் இருக்கும் தாய் எங்கே போவாள்? கடையில் இல்லாத பொருளுக்கு ரோட்டில் அபராதம் போட்டால் அது அநியாயமாகத்தான் தோன்றும். 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருபாகரன் உத்தரவிட்டபோது என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். கடைகளில் வரிசை, இருப்பு காலி, கூடுதல் விலை, ரோட்டோரத்தில் குவித்துவைத்த தரமில்லாத சரக்கு. போலீஸ் பிடிக்காமல் இருக்கத் தலையில் ஏதோ ஒரு ஓடு இருந்தால் போதும் என்ற மனநிலை அப்போது பலருக்கு வந்தது. குழந்தைகள் விஷயத்தில் அது வரவே கூடாது. ஆகவே சோதனையைத் தொடங்கும் முன்பு, சிறிய அளவுகளில் ஐஎஸ்ஐ ஹெல்மெட் ஒவ்வொரு வட்டத் தலைநகரிலும் கிடைக்கிறதா என்பதை உங்கள் துறை உறுதி செய்ய வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பை, செருப்பு, நோட்டு, பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் என்று கொடுத்து வரும் மாநிலம் இது. வண்டியில் வந்து இறங்கும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பையோடு ஒரு ஹெல்மெட்டும் கொடுக்க இந்த அரசால் முடியும்.

இன்னொரு வழியும் தோன்றுகிறது. புது வண்டி வாங்கும்போது ஹெல்மெட் கொடுக்க வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. அதை இரண்டாக உயர்த்த 2025 ஜூனில் ஒன்றிய அரசு ஒரு வரைவும் வெளியிட்டது. அந்த இரண்டில் ஒன்றைக் குழந்தை அளவில் கேட்டு வாங்கும் உரிமை வாங்குபவருக்கு இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு சார்பில் எழுதுங்கள்.

அடுத்தது கொஞ்சம் கடினமான விஷயம். 128-வது பிரிவின்படி இருசக்கர வாகனத்தில் ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் போகலாம். மூன்று வயதுக் குழந்தையும் சட்டத்தின் கண்ணில் ஒருவர்தான். ஆகவே அப்பா, அம்மா, நடுவில் ஒரு பிள்ளை என்று கோயிலுக்குப் போனாலும் அது டிரிப்பிள்ஸ். இரண்டு பிள்ளைகளை ஒரே பள்ளியில் விடும் தாயும் அதே குற்றத்தைத்தான் செய்கிறாள். கேரளத்தில் 2023 ஜூனில் ஏஐ கேமராக்கள் அபராதம் போட ஆரம்பித்தபோது இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. பெற்றோரோடு போகும் சிறு பிள்ளைக்கு விலக்கு வேண்டும் என்று அந்த மாநில அரசு கேட்டது. ஒன்றிய அரசு மறுத்துவிட்டது.

நான் விலக்குக் கேட்கப் போவதில்லை. இரண்டு பேருக்காகச் செய்த வண்டியில் மூன்றாவது ஆள் ஏறினால் பிரேக்கும் பேலன்ஸும் என்ன ஆகும் என்பது, ஏறுபவர் குழந்தை என்பதால் மாறிவிடாது. ஆனால் இந்த விதியைக் கேட்கும்போது ஒரு குடும்பத்துக்கு என்ன தோன்றும் என்பதை நீங்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். கார் வைத்திருக்கும் வீட்டுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. பைக் மட்டும் உள்ள வீட்டில், எட்டரை மணிக்கு டவுன் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்க இடம் இல்லாத ஊரில், இரண்டாவது பிள்ளையை எப்படிக் கூட்டிப்போவது? பள்ளி வேன் என்றால் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஷேர் ஆட்டோவில் அனுப்பினால் ஓட்டுநரின் இரண்டு பக்கமும் பிள்ளைகள் உட்கார்ந்து போகும் காட்சிதான். பெற்றோரிடம் பொறுப்பை எதிர்பார்க்கிற அரசு, பொறுப்போடு நடக்க ஒரு வழியையும் திறந்துவைக்க வேண்டும். புதிய மினி பஸ் திட்டத்தை 2025-ல் தொடங்கியிருக்கிறீர்கள். அதன் தடங்களை வகுக்கும்போது பள்ளிகளின் பெயர்களையும் மணி அடிக்கும் நேரத்தையும் கையில் வைத்துக்கொண்டு வகுத்தீர்களா என்று அறிய விரும்புகிறேன். எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் வந்தால்தான் ஒரு பஸ் பள்ளிப் பிள்ளைக்கு உதவும்.

அரசு நினைத்தால் பிள்ளைகள் விஷயத்தில் எவ்வளவு கறாராக இருக்க முடியும் என்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். தமிழகமே கொதித்தது. அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் வந்தன. இன்று கோடை விடுமுறையில் ஒவ்வொரு மாவட்டத்திலும் பள்ளிப் பேருந்துகளை ஒரு மைதானத்துக்கு வரவழைத்து, தரை, படிக்கட்டின் உயரம், அவசர வழிக் கதவு, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி என்று உங்கள் ஆய்வாளர்கள் ஏறி இறங்கிப் பார்க்கிறார்கள். குறை இருந்தால் திருப்பி அனுப்புகிறார்கள். இதைச் சொந்தச் சுதந்திரத்தில் தலையீடு என்று எந்தப் பள்ளி நிர்வாகமும் சொல்வதில்லை. பேருந்தில் போகும் பிள்ளைமேல் இருக்கும் அந்தக் கண், அதே வகுப்பில் படித்துக்கொண்டு பைக்கில் வரும் பிள்ளைமேல் ஏன் விழவில்லை? 2022-ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் நாடு முழுவதும் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர், அதில் பின்னால் உட்கார்ந்து போனவர்கள் மட்டும் 14,337. அந்தப் பின்சீட்டில் யார் யார் உட்கார்ந்து போகிறார்கள் என்பதைப் பள்ளி வாசலில் நிற்கும் எவரும் சொல்வார்கள்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினெட்டு வயது ஆகாத பையனிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோருக்கு 199ஏ பிரிவில் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஓர் ஆண்டுக்கு ரத்தாகும். அந்தப் பையன் இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் எடுக்க முடியாது. பிளஸ் டூ பையன் டியூஷனுக்கு 150 சிசி வண்டியை எடுத்துக்கொண்டு போவதைப் பெருமையாகப் பார்க்கும் வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்கு அந்த அபராதம் தகும் என்றே சொல்வேன். சிறை என்பதைக் கடைசிவரை தள்ளி வையுங்கள். தனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான், அல்லது தடுக்க எல்லாம் செய்தும் முடியவில்லை என்று பெற்றோர் நிரூபித்தால் விலக்கு என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் கணவர் வெளிநாட்டில் இருக்க, வளர்ந்த மகனைத் தனியாகச் சமாளிக்கும் ஒரு தாய் ஸ்டேஷனில் நின்றுகொண்டு அதை எப்படி நிரூபிப்பாள்? இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் இல்லை என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வேலைக்குப் போக வண்டி வேண்டும் என்ற நிலை வந்தால் அவன் லைசென்ஸ் இல்லாமலேதான் ஓட்டுவான். முதல் தடவை பிடிபடும்போது வீட்டுக்கே ஆள் அனுப்பி, பெற்றோரையும் பையனையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுங்கள். இரண்டாம் தடவை சட்டம் முழு வேகத்தில் வரட்டும்.

இனி செயல்படுத்தும் முறை. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் ஹெல்மெட் அபராதம் நூறிலிருந்து ஆயிரம் ஆனது. சிக்னலில் படம் எடுத்து இ-சலான் அனுப்புகிறீர்கள். பெரியவர்களுக்கு அது போதும். குழந்தை விஷயத்தில், எப்போதோ நடந்த ஒரு பயணத்துக்குப் பின்னால் ஃபோனில் வரும் மெசேஜ், அன்று காலை வெறுந்தலையோடு போன பிள்ளையை எந்த விதத்திலும் காக்காது. யாராவது நேரில் நிறுத்தி, குழந்தையைப் பார்த்து, பெற்றவரிடம் பேசினால்தான் மனதில் பதியும். ஆனால் இப்போது நேரில் நடப்பது நேர் எதிர். வாகனச் சோதனையில் ஓட்டுபவரிடம் ஹெல்மெட் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், பின்னால் பிள்ளை உட்கார்ந்திருந்தால், "குழந்தையோட வர்றீங்க, பாத்துப் போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். இரக்கத்தில் செய்வதுதான். அந்த இரக்கம் போய்ச் சேரும் இடம் பெற்றவருடைய பர்ஸ். ஹெல்மெட் இல்லாமல் மீதி தூரம் போவது அந்தப் பிள்ளைதான்.

அதனால் என் கோரிக்கை பள்ளி வாசலில் ஆரம்பிக்க வேண்டும் என்பது. ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் மாதம் முழுக்க அபராதம் வேண்டாம். போக்குவரத்துக் காவலர் ஒருவரும் ஆசிரியர் ஒருவரும் வாசலில் நின்று, ஹெல்மெட் இல்லாத ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரிடமும் பேசட்டும். தலையை அளந்து எந்த அளவு வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். எந்தக் கடையில் கிடைக்கும் என்பதும் அதில் இருக்கட்டும். இரண்டாவது மாதத்திலிருந்து அதே வாசலில் அபராதம் போடுங்கள், யாருக்கும் விலக்கு இல்லாமல் போடுங்கள். நான் நின்றாலும் போடுங்கள்.

பள்ளிக் கல்வித் துறைக்கு இரண்டு விஷயங்கள். முதலாவது, ஹெல்மெட் இல்லாமல் வந்ததற்காகப் பிள்ளையை வெளியே நிறுத்தக் கூடாது என்று தலைமையாசிரியர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஃபீஸ் கட்டாததற்கு, ஷூ போடாததற்கு என்று பிள்ளையைத் தண்டிக்கும் பழக்கம் ஏற்கெனவே போதும் போதும் என்ற அளவுக்கு இருக்கிறது. குற்றம் செய்தவர் வண்டியை ஓட்டி வந்தவர், கேள்வி அவரிடம்தான் கேட்க வேண்டும். இரண்டாவது, வகுப்பறை வராந்தாவில் ஹெல்மெட் மாட்ட ஒரு கொக்கிப் பலகை. கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். நாற்பது பிள்ளைகள் உட்காரும் வகுப்பில் புத்தகப் பைக்கும் சாப்பாட்டுக் கூடைக்குமே இடம் இல்லை. ஆகவே பிள்ளையை இறக்கிவிட்டு ஹெல்மெட்டை நாங்களே திரும்ப எடுத்துப் போகிறோம். மாலையில் கூட்டிவர வருவது தாத்தாவோ சித்தப்பாவோ, அவர் கையில் அது இருக்காது. போகும்போது ஹெல்மெட், வரும்போது வெறுந்தலை என்று பாதி நாள் ஓடுவது இப்படித்தான். சுவரில் ஆணி அடிக்க அரசாணை எதுவும் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

இதைப் படிக்கும் மற்ற அம்மா அப்பாக்களுக்கும் சொல்கிறேன். சின்னவள் முதல் வாரம் முழுக்க அழுதாள், வேர்க்கிறது, பூ நசுங்குகிறது என்றாள். பூவைக் கைப்பையில் வைத்துக் கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் சூட்டிவிட ஆரம்பித்தேன். இப்போது நான் சாவியை எடுத்தாலே ஹெல்மெட்டை அவளே தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். பிள்ளைகள் பழகிவிடுவார்கள், நாம்தான் நேரமாகிறது என்று விட்டுவிடுகிறோம்.

ஆணையர் அவர்களே, அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன்பு மாவட்டத்துக்கு ஐந்து பள்ளிகளிலாவது இதைச் செய்து பார்க்க உத்தரவிடுங்கள். திருச்சியில் தொடங்குவதாக இருந்தால் தில்லை நகர், தென்னூர், உறையூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் தொடங்குங்கள். காலை எட்டேகால் முதல் ஒன்பது மணி வரை வாசலில் நிற்கவும், டேப்பைப் பிடித்துத் தலை அளக்கவும் பெற்றோர் தரப்பிலிருந்து ஆட்களைத் திரட்டித் தருகிறேன். என் மகள் படிக்கும் பள்ளியில் இதற்கு முன்வந்திருக்கும் தாய்மார்களிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன். உங்கள் அலுவலகத்திலிருந்து நாள் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
இரண்டு பள்ளிப் பிள்ளைகளின் தாய்,
திருச்சிராப்பள்ளி.